பழைய வாடிக்கையாளர்

‘எங்க தம்பி போயிட்டீங்க, ரெண்டு வருஷமா ஆளையே காணோம்?’ என்று திரையில் எழுத்துகள் வந்து நின்றன.

மேடத்துக்கு ஐம்பத்து மூன்று வயது. தம்பி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒற்றை விரலால் தட்டினார்.

‘வெளியூர்ல இருந்தேன்.’

மத்தியானம் மூன்று மணி. யாரும் உள்ளே வர வேண்டாம் என்று கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

தடை செய்யப்பட்ட போதைப் பொருட்களின் பட்டியலை எழுதுவது மேடத்தின் வேலை. பிடிபட்ட பொருளை ஆய்வகத்தில் பகுத்துப் பார்த்து, அது இன்னதென்று அவருக்குச் சொல்வது என் வேலை. பதினோரு வருடமாக எங்கள் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது.

நாங்கள் ஒன்றைத் தடை செய்தால், இணையத்தில் விற்கிறவன் அதில் ஓர் அணுவை மாற்றிப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்துவிடுவான். ஆள் அதே ஆள்தான், சட்டை மட்டும் வேறு.

பெயர் பட்டியலில் ஏறாதவரை விற்பது குற்றமில்லை. ‘செடி உரம், உண்பதற்கல்ல’ என்று பொட்டலத்தின் மேல் அச்சடித்துத் தபாலிலேயே அனுப்பலாம். பெயரை ஏற்றவோ அறிக்கை, குழு, சட்டத் துறை, அரசிதழ் என்று மாதக்கணக்கில் இழுக்கும்.

இந்த மாதம் மட்டும் மூன்று பேர் இறந்திருந்தார்கள். யாருக்கும் இருபத்தைந்து வயது ஆகவில்லை. ரத்தத்தில் இருந்த மிச்சத்தை வைத்து என்னால் ஊகிக்கத்தான் முடிந்தது. ஊகத்தைப் பட்டியலில் சேர்க்க முடியாது. பிரிக்காத பொட்டலம் ஒன்று வேண்டும்.

அது எந்தக் கடையில் கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் போன தடைக்குப் பிறகு அந்தக் கடை உஷாராகிவிட்டது. பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் விற்பனை. ஐந்து வாரமாக விதவிதமான பெயர்களில் நுழைந்து பார்த்தோம். பூனைக்கு மணி கட்டுவதெல்லாம் அப்புறம், பூனையே கண்ணில் படவில்லை.

இன்று காலை மேடம் ஒரு கணக்கின் பெயரைச் சொன்னார். பிடிபட்ட எவனோ கொடுத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் வேலையில் அதையெல்லாம் கேட்பதில்லை. கடவுச்சொல்லை அவரே தட்டினார்.

‘படிப்பு முடிஞ்சுதா தம்பி?’

மேடத்தின் விரல் அந்தரத்தில் நின்றது. இது ஆழம் பார்க்கிற கேள்வியாக இருக்கலாம். பதில் பிசகினால் ஐந்து வாரமும் வீண்.

‘முடிஞ்சுபோச்சு’ என்று தட்டினார்.

‘சந்தோஷம். புதுசு ஒண்ணு வந்திருக்கு. எவனும் கேஸ் போட முடியாது. பழைய அட்ரஸுக்கே அனுப்பிடட்டுமா?’

கீழே ஒரு கட்டத்துக்குள் அந்த விலாசம் தானாகவே வந்தது.

கதவு எண், தெரு, இரண்டாவது மாடி. முதலில் எனக்கு உறைக்கவில்லை. எங்கேயோ பார்த்ததுபோல மட்டும் இருந்தது.

அந்த வீட்டுக்கு நான் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அன்று அலுவலகமே போயிருந்தது. உட்கார இடமில்லாமல் படிக்கட்டு வரை ஆட்கள் நின்றார்கள். மேடத்தின் ஒரே மகன். “தூக்கத்துலயே போயிட்டான், ஹார்ட்டு” என்று அவர் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் அதே மூன்று வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாளே மேடம் வேலைக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை. துக்கத்தை வேலையில் கரைக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

‘சரி’ என்று மேடம் தட்டினார்.

‘ரெண்டு நாள்ல வந்துடும். உடம்பப் பாத்துக்கோங்க தம்பி.’

பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. கடைக்காரன் போய்விட்டான்.

தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதைத் தொடவில்லை. கைப்பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

“முதல்லேர்ந்து பிரின்ட் எடுங்க சார். பாதியில ஆரம்பிச்சா கோர்ட்டுல நிக்காது. ரெண்டு பேர் கையெழுத்து வேணும்.”

திரையை மேலே தள்ளினேன். தள்ள அதிகம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு மேடத்தின் மகன் ஒரே ஒரு தடவைதான் வாங்கியிருக்கிறான். பரீட்சை முடிகிற வரைக்கும் தூக்கம் வராமல் இருக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டிருக்கிறான்.

கடைக்காரன் கொடுத்த பொருளின் பெயரைப் பார்த்தேன். நான் பகுத்துச் சொன்னதுதான். மேடம் தன் கையாலேயே பட்டியலில் சேர்த்ததுதான். அவன் போய் நாலு மாதம் கழித்து.

அச்சு இயந்திரம் தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளியது. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைப் படிக்க அவருக்குத் தாள் தேவைப்படவில்லை.

‘பயப்படாதீங்க தம்பி, தடை லிஸ்ட்ல இது இல்ல’ என்று கடைக்காரன் எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே பையனின் பதில் இருந்தது.

‘தெரியும். லிஸ்ட்டப் பாத்துட்டுத்தான் வந்தேன். அத எழுதுறவங்க எனக்குத் தெரிஞ்சவங்கதான். ஆபத்துன்னா ஒண்ணக்கூட விடமாட்டாங்க.’