வேப்பிலை கட்டிய வாசல்

"உள்ள வராதீங்க நர்சம்மா! பாப்பாவுக்கு அம்மா ஊத்தியிருக்குது!"

சின்னதுரை வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து மறித்தான். அவன் தலைக்கு மேலே நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

நர்ஸ் அமிர்தம் அந்த வேப்பிலையை அண்ணாந்து பார்த்தாள். அவனுடைய பத்து மாதக் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போடச் சொல்லி அவள் இந்த வாசலுக்கு நடையாய் நடப்பது இது ஐந்தாவது தடவை. பின் தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே அம்மை கண்டிருக்கிறது. அதில் ஒன்று மூச்சு விடத் திணறிக்கொண்டு கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறது. இந்த ஒன்றையாவது காப்பாற்றிவிடலாம் என்று கொளுத்துகிற வெயிலில் ஓடி வந்தால், இங்கேயும் வேப்பிலை!

தோளில் தொங்கிய ஊசிப் பெட்டியைத் தொப்பென்று கீழே இறக்கினாள்.

"தலைகீழா நின்னு தண்ணி குடிச்சுப் பாத்தேனேப்பா! அப்பவே போட்டிருந்தா இது வந்திருக்குமா?"

"இன்னாத்த போடறது?"

குரல் பக்கத்து வீட்டு வாசலிலிருந்து வந்தது. சின்னதுரையின் அண்ணி மலர்விழி. இரண்டு வீட்டுக்கும் ஒரே களம். அவள் பக்கத்தில் ஏழு வயது மகன் தமிழரசன் ஒரு தூக்குவாளி மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது நின்றதும் மறுபடி சுழற்றிக்கொண்டிருந்தான். யார் வந்தது, யார் பேசுவது எதுவும் அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

"எம்புள்ளைக்குப் போட்டீங்களே, அது போதாதா? ஒன்றரை வயசு வரிக்கும் அம்மா, அப்பான்னு கூப்ட்டுக்கினு இருந்தவன் நர்சம்மா. ஊசி போட்ட பிற்பாடுதான் வாயே தொறக்கல."

அமிர்தம் பெருமூச்சு விட்டாள். இதே பதிலை இதே களத்தில் எத்தனை தரம் சொல்லியாயிற்று!

"ஆட்டிசம் ஊசியால வர்றதில்ல மலரு. அந்த வயசுலதான் அது வெளிய தெரிய ஆரம்பிக்கும். அந்த வயசுலதான் நாங்க ஊசியும் போடறோம். ரெண்டும் ஒண்ணா வந்துடுது, அவ்ளோதான். யார் மேலயும் தப்பில்ல."

"நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க. வெச்சிக்கினு அவஸ்தப்படறவ நானில்ல?"

"அப்பிடிக் கேளுங்கண்ணி!" சின்னதுரை அண்ணியைவிட ஒரு பங்கு ஜாஸ்தியாகவே கத்தினான். "ஊசின்னு சொல்லிக்கினு இனிமே இந்தப் பக்கமே வராதீங்க நர்சம்மா! மரியாத கெட்டுடும்!"

சரிக்குச் சரி பேச அமிர்தத்துக்குத் தெம்பில்லை. இருபத்தாறு வருஷ வேலையில் இதைவிட மோசமான பேச்செல்லாம் கேட்டாயிற்று. ஆனால் இன்றைக்கு என்னவோ அழுகை வந்தது. பெட்டியைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரிப்பா. அம்மைன்னா நான் மேல சொல்லியாகணும். நாளைக்குக் காலைல டாக்டர் வந்து கொழந்தைக்கு ரத்தம் எடுப்பாரு. எங்கயும் போயிடாதீங்க."

சின்னதுரையின் விரித்த கைகள் கீழே இறங்கின.

ரோட்டில் காயப் போட்டிருந்த மக்காச்சோளத்தை ஒட்டி அவள் ஸ்கூட்டியை நிறுத்தியிருந்தாள். சாவியைப் போடும்போது பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"நர்சம்மா, டாக்டரு வாணாம்! அது அம்மா இல்ல!" சின்னதுரைக்கு மூச்சு வாங்கியது. களத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஊசிக் காய்ச்சல்."

"என்னது?"

"போன புதன்கிழம ரிஷிவந்தியத்துல மாமியார் வூட்டுக்குப் போயிருந்தோம். அங்கயே ஊசி போட்டுக்கினு வந்துட்டேன். நேத்திலேர்ந்து ஒடம்பு சுடுது, மேலெல்லாம் பொரிப் பொரியா இருக்குது. பயமா கீது நர்சம்மா."

சட்டைக்குள்ளிருந்து தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினான். தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தது. அமிர்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சில பிள்ளைங்களுக்கு ஏழெட்டு நாள்ல இப்பிடி வரும். ரெண்டு நாள்ல எறங்கிடும். சாயங்காலம் வந்து நானே பாக்கறேன்" என்றாள். அடுத்த நிமிஷமே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி! போட்டது போட்ட, அப்புறம் எதுக்குய்யா வேப்பில? எதுக்கு அந்தக் கத்து கத்தின? ஊசி நல்லதுன்னு உனக்குப் புரிஞ்சிதில்ல, அத உங்க அண்ணிகிட்ட சொன்னா என்ன?"

சின்னதுரை தலையைக் குனிந்துகொண்டான்.

"புள்ள இப்பிடி ஆனதுக்கு ஊரே அண்ணியத்தான் சொல்லிச்சு. எங்கண்ணன் மொதக்கொண்டு. செத்துடறேன்னு கெணத்தாண்ட போனது அது. ஊசிதான் காரணம்னு எவனோ போன்ல அனுப்புன பிற்பாடுதான் ஒழுங்கா சோறு துன்னுது." அவன் கண் கலங்கியது. "எம்பொண்ணுக்கு நானே ஊசி போட்டேன்னு தெரிஞ்சா, 'அப்ப என்னாலதானா தம்பி'ன்னு என்னாண்ட வந்து நிக்கும். நான் இன்னா சொல்லட்டும் நர்சம்மா?"