காற்றில் நின்ற வண்டி

சின்ன எஸ்யூவிக்கு ஏர் சஸ்பென்ஷன் மாட்டி முடித்ததும், எங்காவது கசிகிறதா என்று பார்க்க ஜெபராஜ் சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கு அடியில் படுத்தார். ஜாக்கிகளை எடுத்தாயிற்று, வண்டி காற்றுப்பைகளில் அடைத்த வெறும் காற்றில்தான் நின்றது. வண்டிக்காரர் வண்டியை ஏற்றி இறக்கும் ரிமோட்டோடு பக்கத்தில் வந்து குத்தவைத்து உட்கார்ந்தார்.

"திருமேனின்னு ஒருத்தருக்கு மாட்டிக் கொடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஜெபராஜின் கை நின்றது. பாலத்தில் போகும்போதே ஒரு பக்கம் அமுங்கிக் கவிழ்ந்த வண்டி அது. அதில் பழைய காற்றுப்பையைப் போட்டது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"இருக்கு சார். பாவம், நல்ல மனுஷன்."

"என் தம்பி."

"சார், நான் வெளிய வந்துடறேன்."

"அவசரமில்ல. படுத்துக்கிட்டே சொல்லுங்க. அவனுக்குப் புதுசுதானே போட்டீங்க?"

உஸ்ஸென்று காற்று இறங்கியது. வண்டியின் அடிப்பாகம் ஜெபராஜின் சட்டைப் பொத்தானைத் தொட்டு நின்றது.