புதன்கிழமைக் குங்கிலியம்

மாற்றுச்சாவியால் மாடி அறையைத் திறந்ததும் ருக்குமணியின் மூக்கில் குங்கிலிய வாசனை ஏறியது.

வெள்ளி, செவ்வாய் என்றால் சரி. புதன்கிழமை பட்டப்பகலில் எந்த வீட்டில் குங்கிலியம் போடுவார்கள்?

குடியிருக்கிற ஜோஸ்பின் கடைக்குப் போயிருந்தாள். தூத்துக்குடிக்காரி. படம் வரைகிறவள் என்று சொல்லித்தான் வாடகைக்குக் கேட்டாள். வில்லியனூருக்கு வந்து அப்படி என்ன படம் வரையப்போகிறாய் என்று அப்போதே நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ருக்குமணி வாயைத் திறப்பதற்குள் தங்கவேல் சாவியை எடுத்து நீட்டிவிட்டார்.

கட்டிய புருஷன். இப்போது அவரை நினைத்துத்தான் அவள் மாற்றுச்சாவியோடு மேலே வந்தாள்.

கொஞ்ச நாளாக மனுஷன் மாடிப்படியிலேயே கிடக்கிறார்.

"மேல இன்னாய்யா வேல உனக்கு?" என்று நேற்றுக் கேட்டாள்.

"பல்பு பூட்ச்சாம்டி, மாட்டிவுட்டு வரேன்" என்றார்.

போன வாரமும் பல்புதான். ஓர் அறைக்கு எத்தனை பல்பு? பொய் சொன்னால் தங்கவேலுக்குக் காது சிவந்துவிடும். நேற்று நன்றாகச் சிவந்திருந்தது.

ருக்குமணி உள்ளே நுழைந்தாள்.

மின்சார அடுப்பின் மேல் ஒரு தகரத் தட்டு. அதில் தேன்மெழுகு பாதி உறைந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறையக் குங்கிலியக் கட்டிகள். டப்பாவில் வெள்ளை மயிர் வைத்த தூரிகைகள். சுவரோரமாக உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னப் பலகைகள். ஒன்றில் தேரடி, ஒன்றில் மாதா கோயில் குளம், ஒன்றில் முனைக் கோழிக்கடை. எல்லாம் மெழுகில்.

அழகாகத்தான் இருந்தன. அதற்காக நம்பிவிட முடியுமா?

மேஜையின் நடுவில் ஒரு பலகை தனியாக இருந்தது. அதன்மேல் பாலாடை மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. வெள்ளைக்கு அடியில் மங்கலாக ஓர் ஆள் உருவம். முகமே இல்லை.

ஓரத்து மெழுகில் ஒரு முடி ஒட்டியிருந்தது. நரைமுடி.

தங்கவேலின் தலை அதே நிறம்தான்.

மெழுகில் உருவம் செய்து, ஆளின் முடியை வைத்து, குங்கிலியம் போட்டு உருவேற்றினால் அதற்கு என்ன பெயர் என்று ருக்குமணிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சும்மா படியேறுவாரா மனுஷன்? வசியம்.

அவளுக்கு அழுகை வந்தது.

ஒரே மகள் இளவரசியைப் பாவாடை கட்டுகிற வயதிலேயே காய்ச்சலுக்குக் கொடுத்தாயிற்று. அவளுக்கென்று இருந்த ஒரே போட்டோவும் போன புயலில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தில் நனைந்து, கறை கழுத்துவரை ஏறிவிட்டது. சரிபண்ணி வாங்கி வருகிறேன் என்று தங்கவேல் அதை ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போயிருக்கிறார். சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது. மிச்சம் இருப்பது இந்த மனுஷன் ஒருவர்தான். இவரையும் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வெறும் வீட்டில் உட்கார முடியாது.

பலகையை முந்தானையில் சுருட்டிக்கொண்டு இறங்கினாள்.

இந்த மாதிரிச் சாமானை எரிக்கக் கூடாது. எரித்தால் புகையோடு வீட்டுக்குள் பரவும். ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் கூடவே வரும்.

தை மாதம். சங்கராபரணி ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆரியப்பாளையம் பாலத்துக்குக் கீழே இறங்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இருக்கிற தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டு விசிறினாள்.

வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். மனசு லேசாக இருந்தது. தங்கவேலுக்குப் பிடிக்குமே என்று கருவாட்டுக் குழம்பு கூட வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் ஜோஸ்பின் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு முழம் புது மல்துணி. பின்னால் தங்கவேல், சட்டைகூடப் போடாமல். மாடியிலிருந்துதான் இறங்கி வந்திருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, மேஜைமேல இருந்த பலகையப் பாத்தீங்களா? உங்க மகளோட போட்டோக்கா அது. ஒத்தப் படத்த வெளியாள்கிட்டக் குடுக்க விடமாட்டீங்கன்னு அண்ணன்தான் மூச்சுவிடாதன்னாங்க. பலகையில ஒட்டி, குங்கிலியம் போட்டுக் காய்ச்சின மெழுகு ஊத்தியாச்சு. ஆறினா மேல வெள்ளை பூக்கும். இந்தத் துணியால தேச்சுட்டா மொகம் பளிச்சுன்னு வந்துரும். இனி வெள்ளமே வந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுக்கா."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் அதை இறக்கவில்லை.

ருக்குமணிக்கு முதலில் கேட்க வந்தது, மரப்பலகை மிதக்குமா என்பதுதான்.

அது மிதந்து போனதா, முங்கிப் போனதா என்று அவளுக்குத் தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.