காற்று மாறிய கதை

விமானம் வேலிப் புதரில் மூக்கை நுழைத்து, முன்சக்கரம் மடங்கி மண்டியிட்டிருந்தது.

இருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அவர் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மனைவியைக் கைபிடித்து இறக்கினார். உயிர் பிழைத்த சந்தோஷம் இரண்டு நிமிடம் தாங்கியது.

அதற்குள் காலையில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்துவிட்டது. தன் தவறால் ஒரு கீறல் விழுந்தாலும் விமானத்தை விற்றுவிடுவதாக, ஏறப் பயந்த மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

இருபது வருடம் ஆசைப்பட்டு வாங்கிய விமானம்.

போதாத குறைக்கு, இது மச்சானுடைய பண்ணை. சொந்தமாக ஓடுபாதை போட்டிருக்கிறேன், வந்து இறங்குங்கள் என்று மனைவியின் அண்ணன் ஆறு மாதமாக அழைத்துக்கொண்டிருந்தார். இன்றுதான் முதல் வருகை.

அண்ணன் மூச்சிரைக்க ஓடிவந்தார். தங்கையைத் தலைமுதல் கால்வரை பார்த்து நிம்மதியானதும், நாக்கு தன் வேலையை ஆரம்பித்தது.

"என்ன மாப்பிள்ளை, அவ்வளவு நீளப் பாதை உங்களுக்குப் பத்தலையா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"இறங்குற நேரம் பார்த்து காத்து மாறிடுச்சுண்ணா. அவர் என்ன பண்ணுவாரு, பாவம்."

அண்ணன் ஓடுபாதையோரக் கம்பத்தில் கட்டியிருந்த, காற்றின் திசை காட்டும் காற்றுப்பையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். டிராக்டர் கொண்டுவரப் போனார்.

மாப்பிள்ளையும் அப்போதுதான் அதைக் கவனித்தார். ஆரஞ்சு நிறப் பை, வேலிப் பக்கமாகப் புடைத்து நீட்டிக்கொண்டிருந்தது. காற்றை எதிர்த்து இறங்க வேண்டியவர், அதை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். காற்று மாறவே இல்லை.

கம்பத்தை ஒட்டி ஒரு வாத்துக் குளம்.

இறங்கும் முன் அவள் அவர் தோளை மூன்று முறை தட்டி, அந்தப் பக்கம்தான் விரலை நீட்டினாள். வாத்துகளைக் காட்டுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்துத் தலையாட்டியிருந்தார்.

எல்லாம் தெரிந்துதான் அண்ணனிடம் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அவருக்கு அவள்மேல் அப்படியொரு பிரியம் பொங்கி வந்தது.

பெட்டியை எடுக்கும் சாக்கில் விமானத்துக்குள் குனிந்தார். எஞ்சின் இரைச்சலில் அவள் பேச்சு அவர் காதுக்கு வருவது மைக் வழியாகத்தான்.

பாதி வழியில், 'மெதுவா போங்க' என்று அவள் நாலாவது தடவை சொன்னபோது அவர் சத்தமில்லாமல் குறைத்துவைத்த அந்த மைக்கின் திருகு, இன்னும் பூஜ்ஜியத்திலேயே இருந்தது.

எஞ்சின் அணைந்த விமானத்தில், அதை முழுச் சத்தத்துக்குத் திருகிவைத்தார்.