மூன்று நிமிட விளக்கு

பனியன் கம்பெனியின் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரில், பிரிண்டர் போர்ட்டிலிருந்து ஒரு ரிலே சுவிட்சுக்கு வயர் இழுத்து, மூன்று நிமிடத்தில் விளக்கு அணையும்படி நிரல் எழுதிக் கொடுத்திருந்தான் ஆனந்தவேல். எந்த விளக்கு என்று மேனேஜரிடம் கேட்கவில்லை. மறுவாரம் போனபோது பெண்கள் கழிப்பறை சட்டென்று இருண்டது. உள்ளேயிருந்து தையல் பிரிவு ரேணுகா நனைந்த சுடிதாரோடு சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"இப்பெல்லாம் எவளும் உள்ளே குந்தியிருக்கறதில்லீங்க. ரெண்டு நிமிசமாக் கொறச்சுப்போடுங்க" என்று மேனேஜர் பல்லைக் குத்தியபடி சிரித்தார்.

ஆனந்தவேல் கம்ப்யூட்டரின் பின்னால் போனான். வயரைப் பிடுங்கினான். விளக்கு எரிந்தது.

"இனிமே அணையாதுங்க" என்றான் ரேணுகாவிடம்.

"இதை மாட்டுனதே நீங்கதானா?"

ஆமென்று தலையாட்டினான். அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைக் கடந்து போனாள்.