இரண்டு மீற்றர் முன்னால்

வாத்து விழுந்தது. சுட்டது நான்தான்.

சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த நேரத்தில் வேறு யாருடைய துவக்கும் வெடிக்கவில்லை. அறுவடை முடிந்த சோள வயலுக்கு மேலே ஆறு சாம்பல் வாத்துகள் சரிந்த வரிசையில் வந்தன. என் துவக்கு ஒருமுறை வெடித்தது. மூன்றாவது வாத்து செட்டையை மடித்துக்கொண்டு தலைகீழாக வந்து தொப்பென்று விழுந்தது.

நான் மறைவுக் குழிக்குள் அப்படியே நின்றேன். அழவில்லை. நான் அழுததாகப் பக்கத்துக் குழியிலிருந்த பல் வைத்தியர் ஊவே பிறகு சொன்னார். அது குளிர்காற்று செய்த வேலை.

இந்த ஒரு வாத்துக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஜேர்மன் மொழியில் வேட்டைப் பரீட்சை எழுதி, துவக்கு வாங்கி, அதைப் பூட்டிவைக்க இரும்புப் பெட்டி வாங்கி, பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று கேட்ட டோர்ட்மண்ட் தமிழர் அத்தனை பேருக்கும் பதில் சொல்லி வந்தவள் நான். பதில் ஒன்றுதான். எனக்குப் பிடிக்கும்.

ஆனால் இன்று காலைவரை ஒரு இறகுகூட விழவில்லை.

பறக்கிற பறவை இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுடக் கூடாது. சன்னம் போய்ச் சேரும்போது அது அங்கே இராது. அதற்கு முன்னால் இருக்கிற வெறும் வானத்தைத்தான் சுட வேண்டும்.

எவ்வளவு முன்னால் என்பதில்தான் சண்டை.

இந்த வேட்டை நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் புரொக்மன், இரண்டு மீற்றர் என்பார். ஊவேக்கு அளவுக் கதையே பிடிக்காது. வாலிலிருந்து அலகுவரை துவக்கால் தடவிக்கொண்டு போய், அலகைத் தாண்டியதும் அழுத்து என்பார். என் கணவர் சஞ்சயன் துவக்கைத் தொட்டதே இல்லை. அவர் யூரியூப்பில் பார்த்துவிட்டு, காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பார்.

எனக்கு எல்லாம் நன்றாக விளங்கும். விசையை அழுத்துகிற கணத்தில் மட்டும் கண் போய்ப் பறவையில் ஒட்டிக்கொள்ளும். கை நின்றுவிடும். சன்னம் வாலுக்குப் பின்னால் போகும்.

இன்று காலை காப்பி ஊற்றித் தரும்போது புரொக்மன் விஷயத்தை மிக மரியாதையாகச் சொல்லிவிட்டார். இன்றும் ஒன்றும் விழாவிட்டால், துவக்குக்காரர் வரிசையில் என் இடம் வேறொருவருக்கு. நான் பழையபடி செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு முயல் விரட்டுகிறவர்களோடு போகலாம். நான் போடுகிற சத்தத்துக்கு இந்த வட்டாரத்திலேயே நிகரில்லையாம்.

அதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. புரட்டாதிச் சனி விரதம் வேறு. அவர் நீட்டிய இறைச்சிப் பாணை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெறுங்காப்பியோடு போய்க் குழிக்குள் குந்தினேன்.

வாத்துகளின் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு வரிசை தெரிந்தது. புரொக்மன் தன் குழியிலிருந்து கையைக் காட்டினார். அவை எனக்கு உரியவை.

எழுந்தேன். துவக்கை வரிசைக்கு முன்னால் கொண்டுபோனேன். வெறும் வானம். மனதுக்குள் புரொக்மன், ஊவே, சஞ்சயன் மூவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அழுத்தினேன்.

அவ்வளவுதான். விழுந்தது.

புரொக்மனின் நாய் அதைக் கவ்விக்கொண்டு வந்தது. அவர் வயலோரத்து ஓக் மரத்தில் ஒரு சிறு கொப்பை முறித்து, வாத்தின் இரத்தத்தில் தொட்டு, தன் தொப்பியின் மேல் வைத்து என்னிடம் நீட்டினார். வேட்டையில் பறவையை விழுத்தியவருக்கு இங்கே செய்கிற மரியாதை அது.

"வைட்மன்ஸ்ஹைல், சாரங்கா!" என்று வேட்டைக்காரர் வாழ்த்தைச் சொன்னார்.

"வைட்மன்ஸ்டாங்க்!" என்று நான் நன்றி சொன்னது அடுத்த கிராமத்துக்கும் கேட்டிருக்கும். என் சத்தத்தைப் பற்றி அவர் சொன்னதில் பிழையில்லை.

கொப்பைச் செருக என்னிடம் வேட்டைத் தொப்பி இல்லை. கம்பளித் தொப்பியில் கொண்டை ஊசியால் குத்திக்கொண்டேன்.

எவ்வளவு முன்னால் பிடித்தாய் என்று புரொக்மன் கேட்டார். நீங்கள் சொன்ன அதே இரண்டு மீற்றர் என்றேன். மனுசனின் முகம் மலர்ந்துபோயிற்று. அடுத்த வாரம் குளக்கரை இடம் உனக்குத்தான் என்றார். குளக்கரை இடம் என்றால் இங்கே பெரிய இடம். ஊவேயின் முகம் மட்டும் தொங்கியிருந்தது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையில் வாலிலிருந்து அலகுக்குத் தடவித்தான் சுட்டேன் என்று காதுக்குள் சொன்னேன். அவரும் மலர்ந்தார்.

வெற்றி என்றால் எல்லோருக்கும் கொஞ்சம் கொடுக்கத்தானே வேண்டும்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு சஞ்சயனுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, ஆறு வந்தது. மூண்டாவதை விழுத்திட்டன்!"

அவர் போட்ட சத்தத்தில் வீட்டில் பிள்ளைகள் எழும்பியிருப்பார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கொப்பைச் சொன்னேன், குளக்கரையைச் சொன்னேன், புரொக்மனின் முகத்தைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். என்னை நன்றாகத் தெரிந்த மனுசன்.

"சரி, எனக்கு மட்டும் சொல்லும். மூண்டாவதுக்கோ குறி வைச்சனீர்?"

கார்க் கண்ணாடிகள் நான்கும் ஏற்றியிருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன்.

"இல்லை, முதலாவதுக்கு. அது இந்நேரம் ஹொலண்டுக்குப் போயிருக்கும்."