லைன் வீடு இருந்த இடம்

இணையத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுந்தது.

அவள் ஜீப்பின் கூரைமேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கணினி. இந்தச் சரிவில் அங்கே மட்டும்தான் சிக்னல்.

கீழே பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் மலை சரிந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரிசையோடு மண்ணுக்குள் போயின. எல்லோரையும் எடுத்தாயிற்று, பொன்னுரங்கத்தின் மனைவியையும் மகளையும் தவிர.

அன்று அவர் ஃபேக்டரியில் வேலையில் இருந்தார்.

"இங்கதான்" என்று அவர் காலால் கீறிக் காட்டிய இடத்தில்தான் குழி. குழி ஆழமாகிக்கொண்டே போனது. ஒன்றும் வரவில்லை. சாயங்காலம் எந்திரம் வேறு மலைக்குப் போய்விடும்.

அவள் நில அளவை செய்பவள். குழியோரம் முளை அடித்து, அதன்மேல் ஜிபிஎஸ் கருவியைக் காலையிலிருந்து நிறுத்தியிருந்தாள். கருவி தனியாகச் சொல்லும் இடம் சில மீட்டர் பிசகும்.

ஒரு லைன் வீட்டின் அகலமே அவ்வளவுதான்.

பிசகைக் கழிக்க, இடம் மாறாத அரசு ஜிபிஎஸ் நிலையம் ஒன்று அதே நேரத்தில் பதிந்த தரவு வேண்டும். இணையத்தில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

பக்கத்து நிலையத்தைத் தேடியிருந்தாள். மலை சரிந்த நாளோடு அதன் கோப்புகள் நின்றுபோயிருந்தன.

சமவெளி நிலையத்தில் இன்று காலைத் தரவு இருந்தது. அதுதான் அறுந்துகொண்டே இருந்தது.

மறுபடி தட்டினாள்.

மறுபடி.

இறங்கிவிட்டது.

கணக்கை ஓடவிட்டாள். முளை நிற்கும் இடம் இப்போது விரலளவு துல்லியம். எஸ்டேட்டின் அளவை வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தாள்.

அவருடைய வீடு குழியில் இல்லை.

திரும்பவும் செய்தாள். அதே விடை.

இறங்கி வந்து, வரைபடம் காட்டிய வீட்டின் திசையில் முளையிலிருந்து டேப்பை இழுத்தாள். டேப் குழியை விட்டு விலகிப் போனது. எதிர்ப்பக்கத்து மேட்டில் முட்டி நின்றது.

தோண்டி எடுத்த மண்ணையெல்லாம் கொட்டிய மேடு. ஆள் உயரத்துக்கு மேல்.

அங்கே கொட்டச் சொன்னதும் அவர்தான்.

பொன்னுரங்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் காட்டுன எடந்தானேம்மா?"

"ஆமாண்ணே." அவள் டேப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மண்ணு வந்த வேகத்துல வீடு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு."

அவர் டேப்பின் நுனியைப் பார்த்தார். மேட்டை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார்.

"அஸ்திவாரம் எப்படிம்மா தள்ளிப் போகும்?"

அவள் டிரைவருக்குக் கையைக் காட்டினாள்.

பொக்லைன் உறுமிக்கொண்டு மேட்டின் பக்கம் திரும்பியது.

பொன்னுரங்கம் கையை உயர்த்தி அதை நிறுத்தினார். எஞ்சின் அடங்கியது.

அவர் மட்டும் முன்னால் நடந்தார்.

மேட்டின் அடியில் நின்று, செருப்பைக் கழற்றினார்.